மூக்கில்லாத வைனும் நாறும் சீஸும்

வைன்காரர்கள் பேச்சில் ‘மூக்கு’ என்ற சொல்லுக்குத் தனி அர்த்தம் உண்டு. குடிப்பவரின் மூக்கை அவர்கள் சொல்வதில்லை, வைனின் வாசனைக்குத்தான் அந்தப் பெயர். வாசனை நன்றாக எழுந்தால் நல்ல மூக்குள்ள வைன். ஒன்றுமே எழவில்லை என்றால் மூக்கில்லாத வைன். 1976-இல் பாரிஸில் ஒரு நடுவர் இந்தச் சொல்லை வைத்தே வசமாக மாட்டிக்கொண்டார். கதையை அங்கிருந்து ஆரம்பிக்கலாம்.

அந்த வருஷம் மே 24-ஆம் தேதி, பாரிஸின் இன்டர்கான்டினென்டல் ஓட்டலில் ஒரு ருசிப்போட்டி நடந்தது. நடத்தியவர் ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஆங்கிலேயர். பாரிஸில் ஒரு வைன் கடையும் ஒரு வைன் பள்ளியும் வைத்திருந்தார். கூட இருந்தவர் அதே பள்ளியில் வேலை பார்த்த அமெரிக்கப் பெண் பட்ரீசியா கல்லாகர். அமெரிக்க விடுதலையின் 200-ஆவது ஆண்டு. அதைச் சாக்காக வைத்து கலிஃபோர்னியா வைன்களை பிரெஞ்சுக்காரர்களுக்குக் காட்டலாம் என்பதுதான் திட்டம். வெள்ளை வைனில் பத்து, சிவப்பு வைனில் பத்து. ஒவ்வொரு பத்திலும் ஆறு கலிஃபோர்னியா, நாலு பிரான்ஸ். ஒன்பது பிரெஞ்சு நடுவர்கள். எல்லாரும் அந்தத் துறையில் பெரிய தலைகள். ரொமானே-கோன்டி தோட்டத்தின் ஒபேர் த வில்லேன் இருந்தார். கிரான் வெஃபூர் உணவகத்தின் ரேமோன் ஒலிவியே இருந்தார். வைன் பத்திரிகை ஆசிரியர் ஒடெட் கான் இருந்தார்.

ஒரே ஒரு நிபந்தனை, லேபிள் தெரியக்கூடாது. இரண்டு நாட்டு வைனும் கலந்து வருகிறது என்று நடுவர்களுக்குத் தெரியும். எது எது என்று மட்டும் தெரியாது.

பத்திரிகைக்காரர்களில் வந்தவர் ஒரே ஒருத்தர், டைம் பத்திரிகையின் ஜார்ஜ் டேபர். அவர் கையில் மட்டும் எந்த வரிசையில் என்ன வருகிறது என்ற பட்டியல் இருந்தது. அதனால் அங்கே நடந்த வேடிக்கை முழுசும் அவருக்குத்தான் புரிந்தது. ஒலிவியே ஒரு வெள்ளை வைனைக் குடித்துவிட்டு, ‘அப்பாடா, பிரான்ஸுக்குத் திரும்பிவிட்டோம்’ என்ற பொருளில் பெருமூச்சு விட்டார். அவர் குடித்தது நாபா பள்ளத்தாக்கின் ஷார்டனே. இன்னொரு நடுவர் ஒரு வைனை ருசி பார்த்துவிட்டு, இது சந்தேகமில்லாமல் கலிஃபோர்னியாதான், மூக்கே இல்லை என்றார். அது பாட்டார்-மோன்ட்ராஷே. பர்கண்டியின் பெருமைகளில் ஒன்று.

முடிவு உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். வெள்ளையில் முதலிடம் ஷட்டோ மோன்டலீனா 1973. சிவப்பில் ஸ்டாக்ஸ் லீப் வைன் செல்லர்ஸ் 1973. இரண்டுமே கலிஃபோர்னியா. ஒடெட் கான் தன் மதிப்பெண் தாளைத் திருப்பிக் கேட்டார், ஸ்பரியர் கொடுக்கவில்லை.

இந்தக் கதையைச் சொல்கிற பலர் இதோடு நிறுத்திக்கொள்வார்கள். ‘பாத்தீங்களா, வைன் நிபுணர்கள் எல்லாம் டுபாக்கூர்’ என்று முடித்துவிடுவார்கள். எனக்கு அந்த முடிவு போதவில்லை. ஒலிவியே பொய் சொல்லவில்லை. பிரான்ஸுக்கு வந்துவிட்டோம் என்று நினைத்த அந்தக் கணத்தில் அவருக்கு அந்த வைன் உண்மையாகவே நன்றாகத்தான் இருந்திருக்கும். அந்த மகிழ்ச்சி எங்கிருந்து வந்தது? கோப்பைக்குள்ளிருந்தா, அவர் மண்டைக்குள்ளிருந்தா? இந்தக் கேள்விக்கு ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது.

நாக்குக்குப் போகும் பெயர், மூக்கு செய்யும் வேலை

முதலில் ஒரு சின்ன சோதனை. மூக்கை விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு ஏலக்காயை மெல்லுங்கள். கொஞ்சம் காரல், கொஞ்சம் விறுவிறுப்பு, அவ்வளவுதான். இப்போது மூக்கை விடுங்கள். ஏலக்காய் ‘வரும்’. ஆனால் அது வாயில் வந்த மாதிரிதான் இருக்கும், மூக்கில் வந்த மாதிரி இருக்காது.

நாக்குக்குத் தெரிந்தது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, உமாமி என்று ஒரு கைவிரலில் எண்ணிவிடக்கூடிய சுவைகள்தான். மீதி எல்லாம் வாசனை. மெல்லும்போது எழும் ஆவி தொண்டையின் பின்வழியாக மேலே ஏறி, மூச்சை வெளியே விடும்போது மூக்கின் உச்சியைத் தொடுகிறது. அதை மூளை வாயின் கணக்கில் எழுதிவிடுகிறது. 1982-இல் பால் ரோசின் என்ற அமெரிக்க உளவியலாளர் இதைப் பற்றி ஒரு முக்கியமான கட்டுரை எழுதினார். மோப்பம் இரட்டைப் புலன், வெளியுலகத்தை முகர்வது ஒன்று, வாய்க்குள் இருப்பதை முகர்வது இன்னொன்று என்பது அவர் வாதம். நாறுகிற சீஸை வெறுக்கும் மூக்கும் அதே சீஸை வாயில் போட்டதும் ரசிக்கும் மூக்கும் ஒரே மூக்குதான். வழி மட்டும்தான் வேறு.

ருசியும் வாசனையும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பதை பிரெஞ்சுக்காரர் பிரியா-சவரான் 1825-இல் வெளிவந்த தன் புத்தகத்திலேயே வாதாடியிருக்கிறார். தொழிலில் அவர் நீதிபதி. அவர் பெயரில் இன்று ஒரு சீஸ் இருக்கிறது. ஆனால் அதே பிரான்ஸில், அதே நூற்றாண்டின் கடைசியில், மூக்குக்கு ஒரு பெரிய அவமானமும் நடந்தது. மூளை ஆராய்ச்சியாளர் பால் ப்ரோக்கா, மனித மூளையில் மோப்பத்துக்கான பகுதி மற்ற பகுதிகளோடு ஒப்பிட்டால் ரொம்பச் சிறிது என்பதை வைத்து, மனிதனை மோப்பத்தில் ஆளப்படாத விலங்குகளின் வரிசையில் வைத்தார். மோப்பம் என்பது மிருகப் புலன், அறிவு வளர வளர அது தேயும் என்ற எண்ணம் அங்கிருந்து பரவியது. 2017-இல் ஜான் மெக்கான் என்பவர் ‘சயின்ஸ்’ இதழில் இதை விரிவாக மறுத்து எழுதினார். மனித மூக்கு மட்டம் என்பது 19-ஆம் நூற்றாண்டுக் கட்டுக்கதை என்பதே அவர் கட்டுரையின் சாரம். மோப்ப ஏற்பிகளின் மரபணுக்களை லிண்டா பக்கும் ரிச்சர்ட் ஆக்ஸலும் கண்டுபிடித்தது 1991-இல், அதற்கு நோபல் பரிசு கிடைத்தது 2004-இல். நம்மிடம் ஏறக்குறைய 400 வகை ஏற்பிகள் வேலை செய்கின்றன. மட்டமான கருவி இல்லை இது.

அப்படியானால் இவ்வளவு நல்ல கருவி ஏன் பாரிஸில் ஏமாந்தது?

வெள்ளைக்குச் சிவப்புச் சாயம்

போர்டோவில் மோரோ, ப்ரோஷே, துபூர்தியூ என்ற மூன்று பேர் 2001-இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். வைன் படிக்கும் 54 மாணவர்களுக்கு முதல் முறை ஒரு வெள்ளை வைன், ஒரு சிவப்பு வைன் கொடுத்து வாசனையை விவரிக்கச் சொன்னார்கள். வெள்ளைக்குத் தேன், எலுமிச்சை மாதிரியான வெளிர் நிறப் பொருட்களின் பெயர்கள் வந்தன. சிவப்புக்குச் செர்ரி மாதிரியான அடர் நிறப் பொருட்களின் பெயர்கள் வந்தன. இன்னொரு நாள் அதே வெள்ளை வைனை இரண்டு கோப்பையில் கொடுத்தார்கள். ஒன்றில் மட்டும் வாசனையில்லாத சிவப்புச் சாயம். சாயம் போட்ட வெள்ளைக்கு மாணவர்கள் சிவப்பு வைனின் சொற்களை எழுதினார்கள்.

இணையத்தில் இது ‘உலகப் புகழ்பெற்ற நிபுணர்கள் வெள்ளைக்கும் சிவப்புக்கும் வித்தியாசம் தெரியாமல் முழித்தார்கள்’ என்று சுற்றுகிறது. அது சரியில்லை. அவர்கள் மாணவர்கள். சோதனை முகர்ந்து விவரிப்பதைப் பற்றியது. ஆய்வாளர்கள் சொன்ன விஷயம் இதைவிட ஆழமானது. வாசனைக்கு நம்மிடம் சொந்தமாகச் சொல் குறைவு. அதனால் வாசனையை வர்ணிக்கும்போது கண் பார்த்த பொருளிலிருந்து சொல்லைக் கடன் வாங்குகிறோம். கடன் வாங்கிய சொல் வந்தபிறகு, மூக்கும் அந்தச் சொல்லையே முகர்கிறது.

எங்க தொழில் பாஷையில் சொன்னால், சிக்னல் ஒரு நூலிழை, கூட வரும் மெட்டாடேட்டா ஒரு வண்டிப் பாரம். மூளை இரண்டையும் சேர்த்துத்தான் விடை சொல்கிறது.

விலையும் அந்தப் பாரத்தில் ஒன்று. 2008-இல் ஹில்க் ப்ளாஸ்மனும் அவருடைய சகாக்களும் ஒரே வைனை வெவ்வேறு விலை சொல்லி, மூளையை ஸ்கேன் செய்துகொண்டே குடிக்கக் கொடுத்தார்கள். விலை அதிகம் என்று சொன்னபோது பிடித்திருக்கிறது என்று சொன்னது மட்டுமில்லை, இன்பத்தோடு தொடர்புள்ள மூளைப் பகுதியின் இயக்கமும் கூடியது. அதாவது வாய் வார்த்தைக்காக ‘ஆகா’ என்று சொல்லவில்லை, உள்ளேயும் ‘ஆகா’தான்.

சூழல் இன்னும் தந்திரமாக வேலை செய்யும். 1997-இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஒரு சிறு ஆய்வு இங்கிலாந்தில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் நடந்தது. வைன் அலமாரி பக்கத்தில் ஒரு நாள் பிரெஞ்சு அக்கார்டியன் இசை, ஒரு நாள் ஜெர்மன் பீர்க்கடை இசை. பிரெஞ்சு இசை ஒலித்த நாட்களில் 40 பாட்டில் பிரெஞ்சு வைனும் 8 பாட்டில் ஜெர்மன் வைனும் போயின. ஜெர்மன் இசை நாட்களில் 12 பிரெஞ்சு, 22 ஜெர்மன். வாங்கியவர்களைக் கேட்டால், பெரும்பாலோர் இசையா, அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம் என்றார்கள்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லவேண்டும். எல்லாமே மனப்பிரமை என்று அர்த்தமில்லை. 2008-இல் 6,000-க்கும் மேற்பட்ட லேபிள் மறைத்த ருசிப்புகளைத் திரட்டிப் பார்த்த ஒரு ஆய்வில், சாதாரண ஆட்களுக்கு விலை கூடின வைன் ஒன்றும் கூடுதலாகப் பிடிக்கவில்லை. கொஞ்சம் குறைவாகத்தான் பிடித்தது. ஆனால் வைன் பயிற்சி பெற்றவர்களிடம் அந்தப் போக்கு இல்லை. பழகிய மூக்கு என்று ஒன்று உண்டு. ஆனால் அந்தப் பழக்கமும் ஒரு சூழலுக்குள் வந்த பழக்கம்தான்.

கால் நாற்றமும் சீஸும்

இதுவரை சொன்னது நல்ல வாசனைகளைப் பற்றி. சீஸ் பக்கம் வந்தால் விஷயம் இன்னும் கூர்மையாகும்.

பெல்ஜியம் பக்கத்து லிம்பர்கர், பர்கண்டியின் எப்வாஸ், அல்சாஸின் மன்ஸ்டர் எல்லாம் ஒரே குடும்பம். முதிரும்போது மேல்தோலை உப்புத் தண்ணியால் அடிக்கடி கழுவுவார்கள். எப்வாஸுக்குக் கழுவுகிற தண்ணியில் திராட்சைச் சக்கையில் வடித்த சாராயமும் சேரும். அந்த ஈர உப்புத் தோலில் பிரெவிபாக்டீரியம் லினென்ஸ் என்ற நுண்ணுயிர் செழிக்கும். அதன் நெருங்கிய சொந்தங்கள் மனிதத் தோலில், குறிப்பாகக் கால் விரல் இடுக்கில் வாழ்கின்றன. ஆக, சீஸ் கால் மாதிரி நாறுகிறது என்பது கிண்டல் இல்லை, வேதியியல். நெதர்லாந்தின் பார்ட் நோல்ஸ் இதைக் கொசுவை வைத்தே காட்டினார். மலேரியா பரப்பும் அனாபிலிஸ் காம்பியே கொசு மனிதக் காலுக்கு வருகிற மாதிரியே லிம்பர்கர் சீஸுக்கும் வருகிறது. அவருக்கும் ரூர்ட் த யோங்குக்கும் 2006-இல் இக் நோபல் கிடைத்தது. சிரிப்புப் பரிசுதான், ஆனால் கொசுப்பொறிக்குச் சீஸ் வாசனையை வைக்கலாம் என்ற யோசனை சிரிப்பில்லை.

கொசுவுக்கு லேபிள் படிக்கத் தெரியாது. நமக்குத் தெரியும். 2001-இல் ரேச்சல் ஹெர்ஸும் அவருடைய சகாவும் ஐசோவலெரிக் அமிலமும் ப்யூட்ரிக் அமிலமும் கலந்த ஒரே கலவையை இரண்டு பெயர் சொல்லி முகரக் கொடுத்தார்கள். ‘பார்மசான் சீஸ்’ என்றால் பரவாயில்லை என்றார்கள். ‘வாந்தி’ என்றால் முகம் சுளித்தார்கள். 2005-இல் ஆக்ஸ்ஃபோர்டில் எட்மண்ட் ரோல்ஸின் குழு இதையே ஸ்கேனுக்குள் செய்தது. ஐசோவலெரிக் அமிலத்தோடு கொஞ்சம் செடார் மணம். திரையில் ஒரு தடவை ‘செடார் சீஸ்’ என்று வரும், ஒரு தடவை ‘உடல் நாற்றம்’ என்று வரும். சீஸ் என்று வந்தபோது பிடித்தது. மூளையில் வாசனையின் இன்பத்தைக் கணக்கிடும் பகுதியும் அந்தச் சொல்லுக்கேற்ப மாறியது. ஒரே மூலக்கூறு, இரண்டு பெயர், இரண்டு அனுபவம்.

பாண்டியனின் பொற்கிண்ணம்

இதற்கு நம்ம ஊர் இலக்கியத்தில் ஒரு சாட்சி இருக்கிறது. புறநானூறு 56. மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார், பாண்டியன் இலவந்திகைப் பள்ளித் துஞ்சிய நன்மாறனைப் பாடியது. பாட்டின் கடைசியில் மன்னனை வாழ்த்தும் இடத்தில் யவனர் கொண்டுவந்த மது வருகிறது. புலவர் என்னென்ன சொல்கிறார் என்று பட்டியல் போட்டுப் பாருங்கள். எங்கிருந்து வந்தது: யவனரிடமிருந்து. எதில் வந்தது: நல்ல கலத்தில் (கலம் கப்பலும் ஆகலாம், சாடியும் ஆகலாம்). எப்படி இருந்தது: குளிர்ச்சி, மணம். எதில் குடித்தார்: பொன் கிண்ணத்தில். யார் கொடுத்தது: வளையணிந்த பெண்கள். ஊர், பாட்டில், குளிர், மூக்கு, கோப்பை, பரிமாறல், எல்லாம் இருக்கிறது. நாக்கில் என்ன ருசி என்று மட்டும் ஒரு வார்த்தை இல்லை!

அந்த மணம் எப்படிப்பட்டதாக இருந்திருக்கும்? அரிக்கமேட்டில் 1945-இல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோதும், பிறகு விமலா பெக்லி குழு தோண்டியபோதும் மத்தியதரைக்கடல் ஆம்ஃபோரா சாடிகளின் உடைசல்கள் கிடைத்தன. அவற்றில் கிரேக்கத் தீவான கோஸ் வகைச் சாடிகளும் உண்டு. கோஸ் வைனில் கடல்நீர் சேர்ப்பது வழக்கம். அதை வீட்டிலேயே போலியாகச் செய்யும் முறையை ரோமானியர் கேட்டோ தன் வேளாண்மை நூலில் எழுதி வைத்திருக்கிறார். வைன் சாடிகளின் உள்பக்கம் ஒழுகாமலிருக்கப் பைன் மரக் கீல் பூசுவார்கள். ஆக, அந்தக் கடல் கடந்து இங்கே வந்த வைனில் கீல் வாசனையும், சிலவற்றில் உப்பும் இருந்திருக்கும். இன்றைய போர்டோ மாணவரிடம் லேபிள் இல்லாமல் கொடுத்தால் கெட்டுப்போன வைன் என்று கொட்டிவிடவும் கூடும். அரண்மனையில், பொன் கிண்ணத்தில், யவனர் என்ற பெயரோடு அது மணந்தது. புலவர் மிகைப்படுத்துகிறார் என்று நான் நினைக்கவில்லை. அந்த இடத்தில் அது மணந்துதான் இருக்கும்.

தமிழில் இன்னொரு சாட்சியும் இருக்கு. ‘நாற்றம்’ என்ற சொல். பழைய இலக்கியத்தில் பூவுக்கும் நாற்றம்தான், நறுமணம் என்றே பொருள்படும். இன்று பூவைப் பார்த்து நாறுகிறது என்று சொன்னால் அடிக்க வருவார்கள். சொல் அப்படியே இருக்க, அதன் பின்னால் இருந்த இன்பம் கழன்றுவிட்டது.

யாருக்கு லேபிள் ஒட்டுவது?

இதெல்லாம் வைன் குடிக்கிறவன் பாடு, நமக்கென்ன என்று கேட்கலாம். நமக்குத்தான் நிறைய இருக்கிறது.

நான் முன்பு வேலை பார்த்த ஒரு ஆபீஸில், நாகப்பட்டினம் பக்கத்துப் பையன் ஒருத்தன் மதியச் சாப்பாட்டுக்கு நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு கொண்டுவந்து பேன்ட்ரி மைக்ரோவேவில் சூடு பண்ணினான். சாயங்காலமே எல்லாருக்கும் ஒரு மெயில் வந்தது. கடும் வாசனையுள்ள உணவுகளை அலுவலகத்தில் சூடாக்க வேண்டாம் என்று. பெயர் இல்லை, ஆனால் யாரை என்று எல்லாருக்கும் தெரியும். அவன் அப்புறம் தயிர்சாதத்துக்கு மாறிவிட்டான். சில மாதம் கழித்து ஐரோப்பாவிலிருந்து வந்த ஒரு கிளையன்ட், பெட்டி நிறைய முதிர்ந்த சீஸ் கொண்டுவந்தார். அந்தத் தளமே கால் உறை வாசம் அடித்தது. பலருக்குப் பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஆனாலும் ‘வித்தியாசமா இருக்குல்ல’ என்று சொல்லி ஆளுக்கொரு துண்டு எடுத்தார்கள். மெயில் எதுவும் வரவில்லை.

இரண்டும் நுண்ணுயிரும் உப்பும் காலமும் சேர்ந்து செய்த புரதப் பண்டங்கள்தான். ஒன்றுக்கு ‘பாரம்பரியம்’ என்ற லேபிள், இன்னொன்றுக்கு ‘நாத்தம்’ என்ற லேபிள். அந்த லேபிளை ஒட்டியது மூக்கு இல்லை. யார் சாப்பிடுவது, எங்கே சாப்பிடுவது, அவர்களைப் பற்றி நாம் ஏற்கெனவே என்ன நினைக்கிறோம் என்பது.

ஆக்ஸ்ஃபோர்டு சோதனையின் சங்கடமான பகுதி இதுதான். முகம் சுளித்தவர் நடிக்கவில்லை, அவருக்கு உண்மையாகவே நாறியது. ‘எனக்கு நிஜமாவே குமட்டுதுங்க, நான் என்ன பண்றது’ என்று சொல்பவரும் உண்மையைத்தான் சொல்கிறார். ஆனால் உண்மையான குமட்டல், நியாயமான குமட்டல் ஆகிவிடாது. அது எங்கோ கற்றுக்கொண்ட பாடம். கற்றதை மாற்றிக் கற்கவும் முடியும். லிம்பர்கரைப் பார்த்து ஓடிய எத்தனையோ பேர், நாலு தடவை நல்ல துணையோடு உட்கார்ந்து சாப்பிட்டபிறகு அதையே தேடிப்போகிறார்கள். அதில் மூக்கு மாறவில்லை, துணை மாறியது.

1976-இல் ஸ்பரியர் செய்தது ஒன்றுதான். லேபிளைக் கொஞ்ச நேரம் மூடிவைத்தார். வைனுக்கு அது சுலபம், வேறு பாட்டிலில் ஊற்றினால் போதும். மனிதர்களின் சாப்பாட்டுக்கு அந்த வசதி இல்லை. டிபன் பாக்ஸைத் திறக்கும்போது கூடவே ஊர், சாதி, தெரு எல்லாம் திறந்துகொள்கிறது. அதனால் மூடிவைக்க முடியாத இடத்தில் செய்யக்கூடியது ஒன்றுதான். அடுத்த தடவை மூக்கைச் சுளிக்கும் முன் ஒரு மூச்சு அவகாசம் எடுத்து, நான் இப்போது முகர்ந்தது பண்டத்தையா, பெயரையா என்று கேட்டுக்கொள்வது.

அந்தப் பையன் இப்போது வேறு ஊரில் வேலை பார்க்கிறான். போன மாதம் பேசும்போது, ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் கருவாடு வறுப்பதாகச் சொன்னான். ஜன்னலை எல்லாம் சாத்திவிட்டு.